நெல்லறிஞர் இராமையா

நுழையும்முன்

காவிரிப் படுகையின் உழவருக்கு வெள்ளமும் வறட்சியும் மட்டும் பகையல்ல. கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சைகளும் பகையே. அப்பகையை நெல்லின் மரபிலேயே அணை கட்டித் தடுக்க முயன்றவர் வேளாண் அறிஞர் கே. இராமையா. நெல்லின் கருவுறுதலை அறிந்து அவர் பெற்ற வெற்றியையும், பூஞ்சையின் கருவுறுதல் அறியப்படாமையால் நெடுங்காலம் விடையின்றி நின்ற வினாவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குலைநோயின் வருகை

தஞ்சைத் தரணியின் பெருமை நெல்லால் அமைந்தது. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிந்து, பின் எண்ணற்ற கிளையாறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பரந்து, கடைமடை வரை கழனிகளை நனைக்கின்றன. குறுவை, சம்பா, தாளடி எனப் பருவத்துக்கொரு பெயரும், பெயருக்கொரு விதையும் அந்நிலத்தில் வழங்கின. நீர் வந்தால் நெல் விளையும் என்பதே அங்கு வாழ்ந்தோரின் நெடுநாள் நம்பிக்கை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நம்பிக்கைக்கு ஓர் இடர் நேர்ந்தது. 1913ஆம் ஆண்டில் நெற்பயிரில் ஒரு நோய் பதிவு செய்யப்பட்டது. 1918-19ஆம் ஆண்டுகளில் அது தஞ்சைப் படுகையில் கொள்ளைநோயாகப் பரவியது. ஆற்றில் நீருக்குக் குறைவில்லை. பயிரும் செழித்தே நின்றது. ஆயினும் இலைகளில் கண்வடிவப் புள்ளிகள் தோன்றின. அவற்றின் நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் காணப்பட்டன. கதிர் வெளிவந்தபின் அதன் கழுத்துப் பகுதி கருகிற்று. கருகிய கழுத்தின் வழியே உணவு ஏறாமையால் மணிகள் பால் பிடிக்காமல் பதராயின. சில கதிர்கள் ஒடிந்து தொங்கின. இதுவே குலைநோய்.

அந்நாளில் சென்னை மாகாண அரசின் பூஞ்சையியல் அறிஞராக இருந்த வில்லியம் மெக்ரே இந்நோயை ஆராய்ந்து 1922ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். நோய்க்குக் காரணம் பைரிகுலேரியா ஒரைசே என்னும் பூஞ்சை. அதன் வித்து பேரிக்காய் வடிவினது. மூன்று அறைகளை உடையது. காற்றில் மிதந்து செல்லும் அளவுக்கு நுண்ணியது. பனித்துளியால் நனைந்த இலைமீது விழுந்தால் அவ்வித்து முளைத்து, இலையின் மேற்றோலைத் துளைத்து உட்புகும். இரவுகள் குளிர்ந்து, பனி நெடுநேரம் இலையில் தங்கும் நாள்கள் அதற்கு ஏற்றவை. கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் சம்பாப் பயிர் கதிர்விடும் காலமும் அதுவே. தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாக வளர்ந்த பயிரை அந்நோய் இன்னும் கடுமையாகத் தாக்கியது. உழவரின் உழைப்பே நோய்க்கு உணவானது.

தெளிப்பதற்குத் தக்க மருந்து அன்று உழவர் கையில் இல்லை. ஆயினும் ஒரு செய்தி ஆய்வாளரின் கருத்தைக் கவர்ந்தது. ஒரே நீர், ஒரே மண், ஒரே பனி இருந்தும் எல்லா நெல்வகைகளும் ஒருசேர அழியவில்லை. சில வகைகள் முற்றும் கருகின. சில வகைகள் சிறு புள்ளிகளோடு தப்பி நின்றன. அவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? அதை ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண முற்பட்டவர்களுள் தலையாயவர் இராமையா.

கோவையில் கற்ற பாடம்

கிருஷ்ணசுவாமி இராமையா 1892ஆம் ஆண்டு பிறந்தார். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பயின்றார். அவர் கல்வி முடித்த காலத்தில் மரபியல் என்னும் துறையே இளமையாக இருந்தது. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் கண்ட விதிகள் 1900ஆம் ஆண்டில்தான் உலகின் பார்வைக்கு மீண்டும் வந்திருந்தன. அவ்விதிகள் நெல்லுக்கும் பொருந்துமா என்பதை அறியும் ஆர்வம் அறிஞரிடையே எழுந்தது.

1912ஆம் ஆண்டில் கோவையில் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. எஃப். ஆர். பார்னெல் என்னும் அறிஞரின் தலைமையில் அங்கு ஆய்வுகள் நடைபெற்றன. ஜி. என். ரங்கசாமி ஐயங்காரும் இராமையாவும் அவருடன் உழைத்தனர். நெல்லின் பண்புகள் தலைமுறைதோறும் எவ்வாறு இறங்கி வருகின்றன என்பது குறித்து அவர்கள் இணைந்து எழுதிய ஆய்வுரை 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரிசியின் நிறம், உமியின் நிறம், இலைகளில் தோன்றும் செந்நீல நிறம் ஆகியவற்றை ஆயிரக்கணக்கான செடிகளில் எண்ணிக் கணக்கிடும் பணி அது. பொறுமையே அப்பணியின் முதற்கருவி.

அந்நிலையத்தின் புகழ்பெற்ற விளைவு ஜி.இ.பி. 24 என்னும் நெல்வகை. கோனாமணி என்னும் நெல்வகையின் வயலில் இயல்பாகத் தோன்றிய மாறுபட்ட ஒரு செடியிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டில் உழவருக்கு வழங்கப்பட்ட அந்நெல் மெல்லிய மணிகளாலும் சுவையாலும் மக்களிடம் நிலைத்த இடம் பெற்றது. வயலில் வேறுபட்டு நிற்கும் ஒற்றைச் செடியையும் புறக்கணிக்கலாகாது என்பதே அது தந்த பாடம்.

இராமையா பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெற்றுத் திரும்பினார். கோவையில் நெல் ஆய்வுப் பொறுப்பை ஏற்றார். 1933ஆம் ஆண்டில் அவரும் அவருடன் பணியாற்றிய பார்த்தசாரதி, இராமானுஜம் ஆகியோரும் ஓர் அரிய செடியைக் குறித்து எழுதினர். இயல்பான நெற்செடியின் உயிரணுவில் 24 குரோமோசோம்கள் உண்டு. தாய்வழி 12, தந்தைவழி 12. அவர்கள் கண்ட செடியிலோ 12 மட்டுமே இருந்தன. இத்தகைய ஒற்றைமடியச் செடியில் குரோமோசோம்கள் இணைசேரத் துணையில்லாமையால் முறையான பாலணுக்கள் உருவாவதில்லை. நெல்லுக்கு ஒற்றைமடிய நிலை குறைபாடு. பூஞ்சைகளுள் பலவற்றுக்கோ அதுவே வாழ்நாளின் பெரும்பகுதியில் அமைந்த இயல்பு நிலை. குலைநோய்ப் பூஞ்சையும் அவற்றுள் ஒன்று.

பூவைத் திறந்த கை

1922ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதியின் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. படுகையின் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ற நெல்வகைகள் அங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஏ.டி.டி. 10 அவற்றுள் ஒன்று. நல்ல விளைச்சல் தரும் அவ்வகை குலைநோய்க்கு எளிதில் இரையாயிற்று. கோவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோ 4 என்னும் வகையோ நோயைத் தாங்கி நின்றது. ஒன்றில் விளைச்சல், மற்றொன்றில் வலிமை. இரண்டையும் ஒரே நெல்லில் இணைக்க வேண்டுமெனில் அவற்றைக் கலப்பு செய்தல் வேண்டும்.

நெல் இயல்பாகத் தற்கலப்பு செய்யும் பயிர். ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப்பைகளும் ஒரு சூலகமும் உள்ளன. முற்பகலில் உமி சிறுபொழுது திறக்கும்போதே பூ தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். ஆகவே கலப்பு செய்ய விரும்புவோர் பூ மலருமுன் உமியின் நுனியைத் திறந்து, ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் நீக்க வேண்டும். பையொன்று உடைந்தாலும் உழைப்பு வீணாகும். பின்னர் வேறொரு வகையின் மகரந்தத்தைச் சூல்முடியில் தூவி, கதிரை உறையிட்டுக் காக்க வேண்டும். இவ்வாறு கிடைப்பன ஒரு சில மணிகளே.

அம்மணிகளிலிருந்து வளரும் முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் இருக்கும். இரண்டாம் தலைமுறையிலேயே பெற்றோரின் பண்புகள் பிரிந்து, புதிய சேர்க்கைகளாக வெளிப்படும். நோய் தாங்கும் செடிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றுள்ளும் விளைச்சல் மிக்கவற்றைப் பிரித்து, மீண்டும் விதைத்துப் பல தலைமுறைகள் காத்திருந்தால்தான் நிலையான வகை கிடைக்கும். பயிரை வேண்டுமென்றே நோய்க்கு உட்படுத்திச் சோதிப்பதும் இப்பணியின் பகுதி. நோய் வராத ஆண்டில் வலிய செடியையும் எளிய செடியையும் வேறுபடுத்தி அறிய இயலாது.

இராமையாவும் கே. இராமசாமியும் குலைநோயைத் தாங்கும் நெல்வகைகளை உருவாக்குவது குறித்து 1936ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டனர். கோ 4, ஏ.டி.டி. 10 ஆகியவற்றின் கலப்பிலிருந்து கோ 25 என்னும் வகை உருவானது. குலைநோயைத் தாங்குவதற்கென்றே கலப்பு முறையில் உருவாக்கப்பட்ட தொடக்ககால இந்திய நெல்வகைகளுள் அதற்குச் சிறப்பிடம் உண்டு. நோய் எதிர்ப்பு என்பது மண்ணின் அருளோ நற்பேறோ அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் மரபுப்பண்பு என்பதை அவ்வாய்வு வயலிலேயே காட்டியது. ஆய்வுலகத்துக்கு எழுதியதோடு அவர் அமையவில்லை. சென்னை மாகாணத்து நெல் சாகுபடியைப் பொதுமக்களும் அறியும் வகையில் விளக்கும் கையேடு ஒன்றை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

விடையின் மறுபாதி

நோய் என்பது இரு உயிர்களின் சந்திப்பு. நெல்லின் மரபு அதில் ஒரு பாதி. பூஞ்சையின் மரபு மறுபாதி. நெல்லுக்குப் பூ உண்டு. பெற்றோரைக் கலந்து, பிள்ளைகளை எண்ணி, எந்தப் பண்பு எவ்வாறு இறங்குகிறது என்று கணக்கிடலாம். குலைநோய்ப் பூஞ்சைக்கோ அவ்வாய்ப்பு இல்லை. வயலிலும் ஆய்வகத்திலும் அது பாலிலா முறையிலேயே பெருகுவதாகக் காணப்பட்டது. ஒரு புள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கான வித்துகள் தோன்றும். அவை அனைத்தும் தாய்ப் பூஞ்சையின் படிகளே. கலப்பு செய்ய இயலாத உயிரின் மரபைக் கணக்கிடுவது எவ்வாறு?

இவ்விடர்ப்பாடு எல்லாப் பூஞ்சைகளுக்கும் பொதுவானதன்று. அமெரிக்க அறிஞர் எச். எச். ஃபிளார் ஆளிச் செடியையும் அதனைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சையையும் ஆராய்ந்தார். துருநோய்ப் பூஞ்சையைக் கலப்பு செய்ய முடிந்தமையால் அவர் இரு பக்கத்து மரபையும் ஒருசேர அளந்தார். செடியில் எதிர்ப்பைத் தரும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இணையாகப் பூஞ்சையில் ஒரு மரபணு உண்டு என்று 1940களில் அவர் நிறுவினார். செடியின் மரபணு காவலன் போன்றது. பூஞ்சையின் அம்மரபணு காவலன் அறிந்த முகம் போன்றது. முகம் மாறினால் காவலன் ஏமாறுவான். நெல்லுக்கும் குலைநோய்க்கும் இடையிலும் இதே உறவு உள்ளதா என்பதை மெய்ப்பிக்கக் குலைநோய்ப் பூஞ்சையின் பாலினப் பருவம் கண்டறியப்பட வேண்டியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

பூஞ்சைகளில் ஆண், பெண் என்னும் தோற்ற வேறுபாடு பலவேளைகளில் புலப்படுவதில்லை. 1904ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ என்னும் அறிஞர் ரொட்டிப் பூஞ்சைக் குடும்பத்தை ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டார். சில பூஞ்சைகள் தனித்தே பாலினப் பெருக்கம் செய்கின்றன. வேறு சிலவற்றிலோ இருவகை இழைகள் சந்தித்தால்தான் அது நிகழ்கிறது. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் அவ்விருவகைகளை அவர் கூட்டல், கழித்தல் குறிகளால் சுட்டினார்.

வங்கப் பஞ்சமும் கட்டாக் நிலையமும்

கோவையை விட்டு இந்தூரில் உள்ள பயிர்த்தொழில் நிறுவனத்துக்குச் சென்ற இராமையா அங்குப் பருத்தியின் மரபியலை ஆராய்ந்தார். ஆயினும் காலம் அவரை மீண்டும் நெல்லிடமே அழைத்தது.

1943ஆம் ஆண்டில் வங்காளத்தில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். போர்க்கால ஆட்சியின் தவறான கொள்கைகள், விலையேற்றம், பதுக்கல், 1942ஆம் ஆண்டின் புயல் எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு. அவற்றோடு 1942ஆம் ஆண்டில் நெற்பயிரைத் தாக்கிய செம்புள்ளி நோயும் சேர்ந்துகொண்டது. அந்நோய்க்குக் காரணமும் ஒரு பூஞ்சையே. ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே என்று அப்போது வழங்கிய அப்பூஞ்சையின் பாலினப் பருவம் 1927ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் ஆய்வகத்தில் காணப்பட்டிருந்தது. பூஞ்சையியல் நூல்களில் இருந்த அறிவு வங்க உழவரின் வயலைக் காக்கவில்லை. அறிவையும் வயலையும் இணைக்கும் நிறுவனம் நாட்டில் இல்லாமையே பெருங்குறையாக நின்றது.

அக்குறையைப் போக்க 1946ஆம் ஆண்டில் ஒடிசாவின் கட்டாக் நகரில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. காவிரிப் படுகையின் நெல்லை அறிந்த இராமையா, மகாநதிப் படுகையில் அமைந்த அந்நிலையத்தின் முதல் இயக்குநரானார். இனப்பெருக்கம், மண்ணியல், பூச்சியியல், பூஞ்சையியல் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் நெல்லுக்காகப் பணியாற்றும் நிலை உருவாயிற்று. வங்கப் பஞ்சத்தில் செம்புள்ளி நோய்க்கு இருந்த பங்கைப் பின்னாளில் விரிவாக எழுதிய எஸ். ஒய். பத்மநாபனும் அந்நிலையத்தின் பூஞ்சையியல் அறிஞரே. எம்.பி.வி. நரசிங்கராவுடன் இணைந்து நெல்லின் இனப்பெருக்கமும் மரபியலும் குறித்து இராமையா எழுதிய நூல் 1953ஆம் ஆண்டில் வெளிவந்து, ஆய்வு மாணவர்களுக்கு நெடுங்காலம் கைவிளக்காக அமைந்தது.

ஆடுதுறைக்குத் திரும்பிய மரபு

நாடு விடுதலை பெற்றபோது உணவுப் பற்றாக்குறையும் உடன்வந்தது. இந்திய நெல்வகைகள் உயரமாக வளர்பவை. உரம் மிகுதியாக இட்டால் சாய்ந்துவிடுபவை. ஜப்பானிய நெல்வகைகளோ குட்டையானவை. உரத்தை ஏற்று விளைச்சல் தருபவை. இவ்விரு இனங்களையும் கலப்பு செய்யும் திட்டத்தை இராமையா முன்மொழிந்தார். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பின் துணையுடன் 1950களின் தொடக்கத்தில் கட்டாக்கில் அத்திட்டம் செயற்படத் தொடங்கியது. ஆசிய நாடுகள் பல அதில் பங்கேற்றன.

இப்பணியில் பெரிய தடை மலட்டுத்தன்மை. தொலைவில் பிரிந்து வளர்ந்த இரு நெல்லினங்களைக் கலந்தால் பிறக்கும் செடிகளில் மகரந்தம் பெரும்பாலும் வளமற்றுப் போகும். கதிர்களில் பதர் மிகும். இனம் கலக்கும் ஆற்றலையும் மரபணுக்களே ஆள்கின்றன என்பதற்கு அது கண்கூடான சான்று. ஆயினும் மலட்டுத்தன்மையைக் கடந்து மணி பிடித்த செடிகளைத் தேடித் தேர்ந்து ஆய்வாளர் முன்னேறினர். நூற்றுக்கணக்கான கலப்புகளிலிருந்து நிலைத்து நின்ற வகைகள் மிகச் சிலவே.

அச்சிலவற்றுள் ஒன்று தஞ்சைக்குக் கிடைத்தது. ஜப்பானின் நோரின் 10 என்னும் நெல்லும், கோவையில் இராமையாவின் இளமைக்காலத்தில் பிரித்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24 நெல்லும் அதன் பெற்றோர். அக்கலப்பின் வழிவந்த செடிகள் ஆடுதுறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்னும் பெயரில் உழவரிடம் வந்தன. குறுவைக்கு ஏற்ற அக்குறுகிய கால நெல் தஞ்சைப் படுகையில் விரைந்து பரவியது. அதே ஜி.இ.பி. 24 நெல்லின் வழிவந்த டி.கே.எம். 6 என்னும் வகை, பின்னாளில் காவிரிப் படுகையின் சம்பா வயல்களில் புகழ்பெற்ற ஐ.ஆர். 20 நெல்லுக்குப் பெற்றோருள் ஒன்றாயிற்று. ஒற்றைச் செடியாகத் தொடங்கிய மரபு, அரை நூற்றாண்டுக்குப்பின் பல்லாயிரம் ஏக்கரில் கதிர்விட்டது.

நாடு அவரது பணியைப் போற்றியது. 1957ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் 1970ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார். 1988ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

பூஞ்சையின் கருவுறுதல்

இராமையாவின் முதுமைக்காலத்தில் விடையின் மறுபாதி திறக்கத் தொடங்கியது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹீபர்ட் என்னும் அறிஞர், காட்டுப்புல் ஒன்றைத் தாக்கும் பைரிகுலேரியாப் பூஞ்சைகளை இணையிணையாக ஒரே தட்டில் வளர்த்தார். பொருத்தமான இணைகள் சந்தித்த கோட்டில் குடுவை வடிவ நுண்ணுறுப்புகள் தோன்றின. குலைநோய்ப் பூஞ்சையின் இனத்துக்கும் பாலினப் பருவம் உண்டு என்பது தெளிவாயிற்று. அப்பருவத்துக்கு மேக்னபோர்த்தே என்னும் பெயர் பின்னர் வழங்கிற்று. நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளையும் 1980களில் ஆய்வகத்தில் கலப்பு செய்தனர்.

அப்பெருக்கத்தை ஆள்வது குரோமோசோமில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடம். மேட் 1 எனப்படும் அவ்விடத்தில் இருவகை மரபணுத் தொகுதிகளுள் ஏதேனும் ஒன்றே அமைந்திருக்கும். ஒரு பூஞ்சையில் மேட் 1-1 இருந்தால் மேட் 1-2 இராது. இடம் ஒன்றாயினும் அவ்விரு தொகுதிகளும் அமைப்பில் ஒன்றையொன்று ஒத்தவையல்ல. அவை உருவாக்கும் புரதங்கள் தாமே இனப்பெருக்கம் செய்வதில்லை; பிற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் ஆணையர்கள் அவை. அவற்றின் ஆணைப்படி பூஞ்சை தன் வகைக்குரிய வேதிச் சமிக்ஞையை வெளியிடுகிறது. எதிர்வகையின் சமிக்ஞையை உணரும் ஏற்பியையும் உருவாக்குகிறது. இவ்வாறு எதிர்வகை எதிர்வகையை அறிந்து நெருங்குகிறது. தன் வகையோடு அது இணைவதில்லை.

வகை பொருந்தினால் மட்டும் போதாது. இரண்டில் ஒன்றேனும் பெண் உறுப்பை உருவாக்கும் திறன் பெற்றிருக்க வேண்டும். அத்திறன் இருந்தால் இரு உட்கருக்களும் இணைந்து சிறுபொழுது இரட்டைமடிய நிலை தோன்றும். உடனே குன்றல் பகுப்பு நிகழ்ந்து மரபணுக்கள் புதிய சேர்க்கைகளாகப் பிரியும். இறுதியில் ஒவ்வொரு பைக்குள்ளும் எட்டு வித்துகள் உருவாகும். நெல்லின் இரண்டாம் தலைமுறையில் இராமையா எண்ணிப் பார்த்த பண்புப் பிரிவினையை, பூஞ்சையில் இவ்வித்துகளைக் கொண்டு எண்ணிப் பார்க்க முடிந்தது. நெல்லின் எதிர்ப்பு மரபணுவுக்கு இணையான மரபணு குலைநோய்ப் பூஞ்சையிலும் உண்டு என்பது 1990களில் இவ்வழியே மெய்ப்பிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் அப்பூஞ்சையின் மரபணுத் தொகுதி முழுவதையும் விளக்கும் ஆய்வும் வெளியாயிற்று.

உலகின் பெரும்பாலான நெல்வயல்களில் உள்ள குலைநோய்ப் பூஞ்சைகள் பெண்திறனை இழந்தவை. பாலிலா வித்துகளாலேயே வாழ்பவை. இமயமலையை ஒட்டிய பகுதிகளிலும் தென்கிழக்கு ஆசிய மலைப்பகுதிகளிலும் இருவகைகளும், பெண்திறன் உடைய பூஞ்சைகளும் சேர்ந்து காணப்படுகின்றன. பாலினம் இல்லாத இடத்திலும் அப்பூஞ்சை மாறாமல் நிற்பதில்லை. காவலன் அறிந்த முகமாக விளங்கும் மரபணு திடீர்மாற்றம் அடைந்தாலோ இழக்கப்பட்டாலோ போதும். அதுவரை நோய்தாங்கிய நெல் மீண்டும் நோய்க்கு ஆளாகும். உலகின் பல நாடுகளில் ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பி வெளியிடப்பட்ட நெல்வகைகள் சில ஆண்டுகளிலேயே அவ்வாறு வலிமை இழந்தன. ஆகவே பல எதிர்ப்பு மரபணுக்களை ஒரே நெல்லில் அடுக்கிச் சேர்ப்பது இன்றைய ஆய்வின் நெறியாக உள்ளது. பூஞ்சை ஒரு பூட்டைத் திறந்தாலும் மறுபூட்டு நிற்கும் என்பது அதன் கருத்து.

காக்க வேண்டிய விதை

எதிர்ப்பு மரபணுக்களை மனிதர் புதிதாகப் படைப்பதில்லை. அவை ஏற்கெனவே எங்கோ ஒரு வயலில், யாரோ ஓர் உழவர் தலைமுறை தலைமுறையாகக் காத்த நெல்லில் இருப்பவை. கோ 4 நெல்லின் வலிமையும் அவ்வாறு வந்ததே. ஒரு பழைய நெல்வகை வழக்கொழியும்போது, நாளைய நோய் ஒன்றைத் தடுக்கும் ஆற்றலும் அதனுடன் மறையக்கூடும்.

இராமையா பூஞ்சையின் மரபைத் திறந்து பார்த்தவர் அல்லர். அதற்குரிய திறவுகோல் அவர் உழைத்த நாளில் எவரிடமும் இல்லை. தமக்குக் கிட்டிய பாதியை, ஒரு பூவில் ஆறு மகரந்தப்பைகள் என்று எண்ணி, அவர் நிறைவுறச் செய்தார். நெல்லின் வலிமை மரபில் இறங்குவது என்று அவரும் அவர் காலத்தவரும் முன்னரே காட்டியிருந்தமையால்தான், பூஞ்சையின் பாலினப் பருவம் வெளிப்பட்டபோது பின்வந்தோரால் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடிந்தது. ஆடுதுறை வயல்களில் ஆண்டுதோறும் புதிய வகைகள் இன்றும் சோதிக்கப்படுகின்றன. மார்கழிப் பனியில் நனையும் ஒவ்வொரு சம்பாக் கதிரும் அச்சோதனையின் பயனை எதிர்நோக்கியே நிற்கிறது.